7 எம்எம் போட்டும் நடுக்கம்

கதிர்: மாமா, தண்ணி 24 டிகிரிதான். 7 எம்எம் தடிமன் ரப்பர் வெட்சூட் போட்டு கடல்ல டைவ் அடிச்சும் இருபதாவது நிமிஷமே பல்லு தந்தியடிக்குது. நாளைக்கு இன்னும் ரெண்டு டைவ் இருக்கு 🥶

அம்மா: உள்ள பனியன் போட்டுக்கோன்னு அப்பவே சொன்னேன்

முரளி மாமா: பனியன் வேணாம்க்கா. நனைஞ்சா சூடு காக்காது, சுருக்கம் விழுந்த இடத்துல தண்ணி பூரும்

முரளி மாமா: கதிர், சூட் வாடகையா?

கதிர்: ஆமா மாமா. எக்ஸ்எல் தான் மிச்சம் இருந்துச்சு. போட ஈஸியா இருந்துச்சு

முரளி மாமா: அங்கதான் கோளாறு. சட்டுனு உள்ள போச்சுன்னா அது உன் அளவு இல்ல. முதுகுல பிடிச்சு இழுத்துப் பாரு

கதிர்: பை மாதிரி வருது 😐 குனியும்போதெல்லாம் முதுகுல ஜில்லுனு ஓடுச்சு

முரளி மாமா: சூட்டுக்குள்ள உன் உடம்பு சூடாக்கின தண்ணி வெளிய போகுது, புதுசு உள்ள வருது. காத்தை விட தண்ணி 20 மடங்குக்கு மேல வேகமா சூட்டை இழுக்கும்டா

நிலா: கடலுக்கே ஹீட்டர் போட்டிருக்கான் 😂

கதிர்: இதுக்கு மேல இன்னொரு சூட் போடவா?

முரளி மாமா: தொளதொளப்பு அப்படியேதான இருக்கும்? உடம்போட ஒட்டுற 5 எம்எம் கேளு. உள்ள ஹூட் வச்ச வெஸ்ட். தலையும் மூடும், கழுத்து வழியா தண்ணியும் இறங்காது

நிலா: 7ஐ விட 5 சூடா இருக்குமா மாமா?

முரளி மாமா: சரியா பொருந்தினா இருக்கும். சூட்டோட ரப்பர் இருக்குல்ல, நியோப்ரீன், அதுல இருக்குற வாயுக் குமிழிதான் போர்வை. 10 மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, குமிழி பாதியா சுருங்கும். 30 மீட்டர்ல கால்வாசி. எவ்ளோ தடிமன் வாங்கினாலும் கீழ போனா மெலிசுதான்

முரளி மாமா: சூட் மாத்தினா மிதப்பும் மாறும். மூழ்குறதுக்குக் கட்டுற ஈயத்தை மேலயே செக் பண்ணிட்டு இறங்கு. மறந்துடாத

அம்மா: மேல வந்ததும் நல்லா துவட்டணும்

முரளி மாமா: அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. ஈர சூட்டோட போட்ல காத்து வாங்காத. கழட்டு, துவட்டு, காத்து புகாத ஜாக்கெட், தொப்பி. உள்ள நடுக்கம் வந்தா கூட வர்றவருக்கு சிக்னல் காட்டிட்டு மேல வா, வீராப்பு வேணாம்

நிலா: உள்ளயே ஒன்னுக்கு போனா சூடா இருக்குமாமே 🙈

அம்மா: ச்சீ

முரளி மாமா: ரெண்டு நிமிஷ சுகம். அலசுற ஆளை நெனச்சுப் பாரு

(மறுநாள்)

கதிர்: மாமா, எம் சைஸ் 5 எம்எம் + வெஸ்ட். ரெண்டு பேர் பிடிச்சு இழுத்துதான் போட முடிஞ்சுது. 48 நிமிஷம், நடுக்கமே இல்ல 💪 ஈயம் 1 கிலோ குறைச்சேன்

அம்மா: துவட்டினியா?