மானை வரவழைக்கும் கதறல்: ‘இடர்க்குரல்’ ஒன்றே போதுமா?

வணக்கம்.

ஆபத்தில் சிக்கிய விலங்கின் கதறலையும், அதைப் போலச் செய்து வேடர் விலங்கை வரவழைப்பதையும் ஆங்கிலத்தில் ‘டிஸ்ட்ரெஸ் கால்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த ‘இடர்க்குரல்’ முதலிய பரிந்துரைகளைப் படித்தேன். வேட்டைச் சூழலை வைத்துப் பார்த்தால் சில சொற்கள் தேறாது.

> ‘அபாயக் குரல்’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தலைகீழாகப் புரியும். ஆபத்தை மோப்பம் பிடித்த மான் மூக்கால் சீறும், முன்னங்காலால் தரையை உதைக்கும். அது ‘அலார்ம் கால்’. அந்தச் சீறலைக் கேட்டால் பக்கத்தில் மேயும் மான்களும் ஓட்டம் பிடிக்கும். அதை ஊதி மானை வரவழைக்க முடியாது. நாம் பெயர் தேடுவதோ பிடிபட்ட குட்டியின் கதறலுக்கு. நரியோ ஓநாயோ கவ்வியதும் குட்டி வாயை அகலத் திறந்து வீறிடும், தாய் பாய்ந்து வரும். வேடர் போலியாக எழுப்புவது இதைத்தான். ஒன்று விரட்டுகிறது, மற்றது இழுக்கிறது. முதலாவதை ‘எச்சரிக்கைக் குரல்’ என்போம். இரண்டாவதற்கு ‘அபாயம்’ வேண்டாம்.

> அப்படியானால் ‘மறிக்கதறல்’? மான்குட்டிக்கு மறி என்ற பழஞ்சொல் இருக்கிறதே.

அழகான சொல். ஆடு, குதிரை, மான் வகைகளான நவ்வி, உழை, புல்வாய் ஆகியவற்றின் இளமைக்கு மறி என்ற பெயரைத் தொல்காப்பிய மரபியலே தருகிறது. ஆனால் பொதுச்சொல்லாக வைத்தால் இடிக்கும். முயலின் கதறலைப் போலச் செய்து நரியை வரவழைப்பவர்களும் இதே ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். முயலுக்கு மறி பொருந்தாது. தவிர, தாய்மான் அவ்வளவு இனம் பார்ப்பதும் இல்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் சூசன் லிங்கிளும் டோபியாஸ் ரீடும் கனடாவின் புல்வெளியில் ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தார்கள். பூனைக்குட்டி, சீல் குட்டி, மனிதக் குழந்தை என எது கதறினாலும், சுருதி மான்குட்டியின் சுருதிக்குப் பக்கத்தில் இருந்தால் தாய்மான்கள் ஒலிபெருக்கியை நோக்கி வந்தன. ஊதுகுழல் கொஞ்சம் பிசிறினாலும் வேலை நடப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே விலங்கு எழுப்புவதற்கு ‘இடர்க்குரல்’ என்ற பொதுச்சொல்லும், மான்குட்டியுடையதை மட்டும் சுட்ட ‘மறிக்கதறல்’ என்ற சிறப்புச்சொல்லும் இருக்கட்டும்.

சரி, வேடர் செய்வதற்கு என்ன பெயர்? இங்கேதான் ‘இடர்க்குரல்’ போதாது. இடரில் இருப்பவர் அவரல்லவே. பழகிய விலங்கைக் கட்டிவைத்துக் காட்டு விலங்கை இழுப்பதற்குத் தமிழில் ‘பார்வை’ என்று பெயர். எயினர் என்னும் வேடரின் குடிசை முற்றத்து விளாமர நிழலில் பார்வை மான் கட்டியிருப்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அது கண்ணுக்கான பொறி. காதுக்கான பொறியை ‘விளி’ (அழைப்பு) எனலாம்: இடர்விளி, விளிவேட்டை. ‘விளி’க்குச் சாவு என்ற பொருளும் உண்டு என்று யாராவது கிளம்புவார்கள், வேட்டைக்கு அது ஒன்றும் அந்நியமில்லை!

> கருவியின் பெயரையே முறைக்கும் வைத்தால் என்ன?

ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கிறார்கள் அம்மா. அங்கே ரோ என்னும் சிறிய மான்கள் இணைசேரும் ஜூலை, ஆகஸ்டில் வேடர்கள் பீச் மரத்து இலையை உதட்டில் வைத்து ஊதுவார்கள். அதனால் அந்த வேட்டைக்கே ‘பிளாட்யாக்ட்’, அதாவது இலைவேட்டை என்று பெயர். குட்டியின் குரலை ஊதினால் பெண்மான் வரும், அதன் பின்னாலேயே கிடாவும் வரும். வேடருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தக் கிடாதான். நமக்கு அப்படி ஒரே கருவி என்று சொல்ல முடியாது. அலாஸ்காவில் இரண்டு மரத்துண்டுக்கு நடுவே ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி ஊதுகிறார்கள் (அதைக் கேட்டுக் கரடியும் வந்து நிற்கும், அது வேறு கதை). மின்னணுப் பெட்டிகளும் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மான் வேட்டைக்கு அவற்றை அனுமதிப்பதில்லை. சட்டமே ஊதுவதையும் ஒலிபரப்புவதையும் பிரித்துப் பார்ப்பதால் நமக்கும் இரண்டு சொல் வேண்டும். ஊதுவதற்கு ‘விளிகுழல்’ என்று முன்மொழிகிறேன். மின்னணுப் பெட்டிக்கு ‘விளிப்பான்’ என்று வைத்தால் தொலைபேசி அழைப்புக் கருவியோடு குழம்புமா? கணினிச் சொல்லாக்கத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.