'குருதித்திரட்டி' வேண்டாம், 'கொளுவுபுரதம்' என்போம்

குழும அன்பர்களுக்கு, திருகோணமலையிலிருந்து வணக்கம்.

இன்புளுவென்சா வைரசின் மேற்பரப்பிலுள்ள ஹீமகுளூற்றினின் (hemagglutinin) என்ற புரதத்துக்குத் தமிழில் 'குருதித்திரட்டி' என்று ஐயா சென்ற மடலில் முன்வைத்த சொல்லை மூன்று நாட்களாக மனதில் உருட்டிப் பார்த்தேன். மூலச் சொல்லுக்கு அது நேர்மையான பெயர்ப்பு. ஆனால் மூலச் சொல்லே ஆய்வுகூடத் தற்செயலில் பிறந்தது. 1941இல் ஜோர்ஜ் ஹர்ஸ்ற், இன்புளுவென்சா வைரசு வளர்த்த கோழிக்கருத் திரவத்தில் செங்குழியங்கள் (இரத்தச் சிவப்பணுக்கள்) திரள்வதைக் கண்டார். பெயர் அதிலிருந்து வந்தது. அந்தப் புரதத்தின் வேலை இரத்தத்தைத் திரட்டுவதன்று. உயர்தர வகுப்பில் இப்பெயரைச் சொன்னால், "பறவைக் காய்ச்சலில் இரத்தம் கட்டிவிடுமா, சேர்?" என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அது செய்வது கொளுவுதல். கலத்தின் (தமிழகத்தில் செல்லின்) மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில் கொளுவிக்கொண்டால்தான் வைரசு உள்ளே போகமுடியும். எங்கள் ஊரில் சட்டையைக் கொளுவுகிறோம், தூண்டிலில் இரையைக் கொளுவுகிறோம். ஆகவே 'கொளுவுபுரதம்'. தமிழக நண்பர்களுக்குக் கொக்கிதான் பழக்கம் என்பதை அறிவேன். ஆனால் கொக்கி வெறும் பெயர், கொளுவு வினை. கொளுவுமிடம், கொளுவுதிறன், கொளுவாத வைரசு என்று வேண்டிய அத்தனையும் அதிலிருந்தே கிளைக்கும்.

அடுத்தது, பறவை வைரசு மனிதக் கலங்களிலும் கொளுவத் தொடங்குவதைக் குறிக்க முன்வைக்கப்பட்ட 'வாங்கிமாற்றம்'. இதை நான் கடுமையாக மறுக்கிறேன். வாங்கி (தமிழகத்தில் ஏற்பி), அதாவது வைரசு கொளுவும் அந்தச் சியாலிக் அமிலம், மாறுவதேயில்லை. பறவைகளின் குடலில் சியாலிக் அமிலம் கலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையோடு 2,3 பிணைப்பில் நிற்கிறது; மனிதரின் மேல் சுவாசப் பாதையில் பெரும்பாலும் 2,6 பிணைப்பில், வளைந்து நிற்கிறது. மாறுவது வைரசின் நாட்டம். 1957, 1968 இன்புளுவென்சாக் கொள்ளைநோய்களின் எச்2, எச்3 புரதங்களில் (இதே புரதத்தின் வகைகள்), அமினோ அமிலச் சங்கிலியின் 226ஆம் இடத்துக் குளூற்றமின் லியூசினாகவும், 228ஆம் இடத்துக் கிளைசின் செரினாகவும் மாறியிருந்தன. அமெரிக்க மாடுகளில் பரவிய எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரசின் புரதம் மனித வகை வாங்கியை நாடுவதற்கு 226ஆம் இட மாற்றம் ஒன்றே போதும் என்று 2024 டிசம்பரில் வெளியான ஆய்வுகூடச் சோதனை காட்டியது. ஓர் அமினோ அமிலம்! இதை வகுப்பில் சொன்னபோது, மீனவர் ஊரான திருக்கடலூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "தூண்டில் முள்ளின் வளைவை மாற்றினால் வேறு மீன் படுவதுபோலவா?" என்று கேட்டாள். அதேதான். எனவே 'கொளுவுநாட்டம்' என்றும், அது திரும்புவதை 'நாட்டமாற்றம்' என்றும் சொல்வோம்.

வைரசு புதிய உயிரினத்துக்குப் பொருந்திவருவதைக் (adaptation) குறிக்கும் 'இசைவாக்கம்' இருக்கட்டும், 'தகவமைப்பு' என்றாலும் சரி. "வைரசு தன்னை மாற்றிக்கொள்கிறது" என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வைரசுக்கு எண்ணம் கிடையாது. விகாரங்கள் (மரபணு மாற்றங்கள்) தாமாக எழுகின்றன. அவற்றுள் பொருந்தியவை பெருகுகின்றன.

திங்கட்கிழமை இந்தப் பாடம் மறுபடி வருகிறது. கரும்பலகையில் 'கொளுவுபுரதம்' என்று எழுத எண்ணியிருக்கிறேன். மறுப்புள்ளவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.