புதுப்பிப்பு: ‘ஃபாரினர்’ வரிசையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேனே

சி. ஜே. செர்ரியின் அறிவியல் புனைகதை வரிசையில் முதலாவதான ‘ஃபாரினர்’ (1994) நாவலில் ஐம்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். "கதாநாயகன் ப்ரென் கேமரன் வரும்வரை பொறுங்கள்" என்றீர்கள். அவன் வருவதே அந்த நாவலின் மூன்றாம் பகுதியில்தான். சரி என்று பொறுத்தேன். இப்போது வரிசையின் மூன்றாவது புத்தகத்தையும் முடித்துவிட்டேன்!

என்னைப் பிடித்து உட்கார வைத்தது மொழிதான். கதையில் வரும் வேற்றுக்கிரக இனமான அட்டேவிகளுக்கு நட்பு என்ற உணர்வே இல்லை. தலைவனை நோக்கி இழுக்கும் ‘மான்சி’ என்ற பற்றுதான் உண்டு. பிடிக்கும் என்ற சொல் அவர்களிடம் சாப்பாட்டுக்கு உரியது. தன் அட்டேவி மெய்க்காவலர்களிடம் ப்ரென் மனதாரப் "பிடிக்கும்" என்று சொன்னால், சாலட் பிடிப்பது போலவா என்று அவர்கள் குழம்புகிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மனிதர்கள், அட்டேவிகள் என்ற இரண்டு இனங்களுக்கும் நடுவே நிற்கும் ஒரே மொழிபெயர்ப்பாளன் அவன், எவ்வளவு தனிமை!

அப்புறம் அட்டேவி தலைவனின் பாட்டி இலிசிடி. ப்ரெனுக்கு அந்தப் பாட்டி கொடுக்கும் தேநீர் அவன் உயிருக்கே உலை வைக்கப் பார்க்கிறது. அரசியலை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய விண்வெளிக் கதையை நான் படித்ததில்லை.

2023இல் வந்தது 22ஆவது புத்தகம். நான்காவதை நேற்றிரவு எடுத்துவிட்டேன்.