புதுப்பிப்பு: ஒட்டிப்போன சக்கரமும் பிரேக் டிஸ்க்கும் கழன்றுவிட்டன

நட்டெல்லாம் கழற்றியும் அலாய் வீல் (அலுமினியக் கலவைச் சக்கரம்) ஹப்பை, அதாவது சக்கரம் பொருந்தும் இரும்பு நடுப்பாகத்தை, விட்டு அசையவே இல்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். இப்போது கழன்றுவிட்டது, டிஸ்க்கும் மாற்றியாகிவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வண்டி ஸ்டாண்டில் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்தபின், நட்டுகளை நாலைந்து சுற்று மட்டும் திரும்பப் போட்டேன். சக்கரம் திடீரென்று கழன்றால் மேலே விழக்கூடாதே! பிறகு டயரைச் சுற்றிச் சுற்றி ரப்பர் சுத்தியலால் அடித்தேன். பத்துப் பதினைந்து அடியில் விட்டுக்கொடுத்தது. அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு சேரும் இடத்தில் வரும் வெள்ளைப் பூப்புதான் காரணம்.

உண்மையான பாடு டிஸ்க்கில்தான். அதைப் பிடித்திருந்த சிறு ஸ்க்ரூவின் தலை ஏற்கெனவே பாதி மழுங்கியிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை வைத்ததும் மூன்றாவது அடியில் திரும்பியது. டிஸ்க்கிலேயே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கின்றன, கவனித்தீர்களா? அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளைப் போட்டு மாற்றி மாற்றிக் கால் சுற்று முறுக்கினால், டிஸ்க் தானாக வெளியே தள்ளப்படும். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

நெருப்புக் காட்டிச் சூடாக்கிக் கழற்றச் சொன்னவர்களுக்கு: பேரிங் கிரீஸும் ரப்பர் சீலும் பக்கத்திலேயே இருப்பதால் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, மறுபடி ஒட்டிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவினேன். நட்டு மரையில் தடவவில்லை, தடவினால் முறுக்கு அளவு தப்பாகிவிடும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சரிபார்த்தேன், ஒரு நட்டும் தளரவில்லை.