கிணற்றில் குரோமியம்: அன்னபேதி போட்டும் மஞ்சள் திரும்பி வருகிறது

எங்கள் நிலம் ராணிப்பேட்டை பக்கம். எப்போதோ மூடிய குரோமேட் ஆலை ஒன்றின் கழிவுக் குவியலுக்குக் கீழ்ச்சரிவில் இருக்கிறது. போன ஐப்பசி மழைக்கு அப்புறம் கிணற்று நீர் மஞ்சளாகிவிட்டது. வரப்பு காய்ந்தால் மண்மேல் மஞ்சள் உப்பு பூக்கிறது. ஆய்வகத்தில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (நீரில் எளிதில் கரையும் நச்சு வகை) லிட்டருக்கு 6 மில்லிகிராம், பிஎச் 8.2 என்றார்கள். குடிநீரில் மொத்தக் குரோமியமே 0.05-ஐத் தாண்டக் கூடாது. இப்போது மாட்டுக்கும் லாரித் தண்ணீர்தான்.

முழுக்க இறைத்துப் பார்த்தோம், புது ஊற்றும் மஞ்சளாகவே சுரக்கிறது. டிரம்மில் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பு) கலக்கினால் நிறம் போய், பழுப்புச் சகதி அடியில் படிகிறது. மேலே தெளிந்த நீரைச் சோதித்ததில் குரோமியம் தெரியவில்லை. சரி என்று கிணற்றிலேயே போட்டோம். சில நாள்தான் தாங்கியது, பம்புக் குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வில் துருச்சகதி அடைத்துக்கொண்டது. அந்தச் சகதியை வயலில் கொட்ட மனம் வராமல் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம்.

கிணறு சுமார் 12 மீட்டர் ஆழம், அடியில் கருங்கல் பாறை; நீர் பாறை இடுக்கில்தான் வருகிறது.

குவியல் பக்கமாக போர் போட்டு கால்சியம் பாலிசல்ஃபைடு (இதுவும் குரோமியத்தைப் படியவைக்கும் ஒரு கந்தகச் சேர்மம்) செலுத்தினால், இந்த பிஎச்சில், பாறை இடுக்கில் அன்னபேதியைவிட நீண்ட நாள் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.