தாகூர் வீட்டுக்குப் போய்வந்த வேலூர்க்காரன்

பாபுராவ் தெரு லாட்ஜ்காரர்:

எழுத்தாளரோ ஓவியரோ இருந்த வீட்டைப் போய்ப் பார்த்தவர்கள் அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதலாம் என்று கேட்டிருந்ததால் எழுதுகிறேன். நான் பெரிய படிப்பாளி இல்லை. தாகூர் வீட்டுக்குப் போனதற்குக் காரணமே எங்கள் லாட்ஜ் தொழில்தான்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து நிறையப் பேர் வைத்தியத்துக்கு வருவதால், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் கடை வைத்திருப்பவனுக்கு நாலு வார்த்தை வங்காள மொழி தானாக வந்துவிடும். காந்தி ரோட்டில் எத்தனையோ கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். கடுகெண்ணெய், பொரி, மீன் குழம்புச் சாப்பாடு எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். ஆட்டோக்காரர்கள் அந்த மொழியிலேயே பேரம் பேசுவார்கள். எங்கள் லாட்ஜிலும் அடுப்பு வைத்த அறைகள்தான் முதலில் நிரம்பும். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் சில வாரம் ஆகும் என்றால், அவ்வளவு தூரம் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாதவர்கள் இங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

அப்படி இருந்தவர்தான் மேற்கு வங்காளத்துப் போல்பூரிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். மனைவிக்கு வைத்தியம். சாயங்காலமானால் கீழே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் அவரை மாஸ்டர்மஷாய் என்பேன், வங்காளத்தில் வாத்தியாரை மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான். அவர் என்னைத் 'தம்பி' என்பார். மிச்சப் பேச்செல்லாம் ரெண்டு பேருக்கும் அரைகுறையான ஹிந்தியில். கிளம்பும்போது, "எங்க ஊருக்கு வா தம்பி, தாகூர் வீட்டைக் காட்டுறேன்" என்றார். அறையைக் காலி பண்ணும்போது எல்லாரும் இப்படி ஏதாவது சொல்வதுதான். ஆனால் இவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் போன் பண்ணி "எப்ப வர்றே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, நானும் வீட்டுக்காரியும் காட்பாடியில் ஹவுரா ரயில் ஏறினோம்.

பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஹவுராவில் வேறு ரயில் மாறி, ரெண்டரை மூன்று மணி நேரத்தில் போல்பூர். நடுவில் ஊர் ஊராகப் பாடித் திரிகிற பாவுல் பாடகர் ஒருத்தர் ஏறி, ஒற்றைத் தந்தியை மீட்டிப் பாடிவிட்டு இறங்கிப்போனார். அர்த்தம் புரியாமலே வீட்டுக்காரி பத்து ரூபாய் கொடுத்தாள்.

தாகூர் வீடு இருப்பது போல்பூரை ஒட்டிய சாந்திநிகேதனில். சாந்திநிகேதன் என்றால் ஏதோ ஆசிரமம் என்றுதான் நினைத்திருந்தேன். தாகூரின் அப்பா தேவேந்திரநாத் 1863-இல் அங்கே நிலம் வாங்கினார். 1901-இல் மகன் அங்கே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். 1921-இல் விஸ்வபாரதி என்ற உயர்கல்வி நிலையம் வந்தது. 2023-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவில் போகும்போதே மாஸ்டர்மஷாய் சொல்லி முடித்துவிட்டார். வாத்தியார் இல்லையா, வருஷத்தோடுதான் சொல்வார்.

தாகூர் இருந்த இடத்துக்கு உத்தராயண் என்று பேர். ஒரே வளாகத்துக்குள் கோணார்க், உதயன், சியாமலி, புனஸ்ச, உதீசி என்று ஐந்து வீடுகள். ஒருத்தருக்கு எதற்கு ஐந்து வீடு என்று கேட்டேன். ஒரு வீட்டில் கொஞ்ச நாள் இருந்தால் அவருக்குச் சலித்துவிடுமாம், அடுத்ததைக் கட்டச் சொல்லிவிடுவாராம். எங்கள் லாட்ஜில்கூட இப்படிச் சில பேர் வருவார்கள், வாரத்துக்கு ஒரு அறை மாற்றச் சொல்லி. என்ன, அவர்கள் கவிதை எழுதுவதில்லை.

இந்த ஐந்தில் எனக்குப் பிடித்தது சியாமலி. 1935-இல் கட்டிய மண் வீடு. சுவர் மட்டுமில்லை, மேல்கூரையும் மண்தான். ஓலையோ கூரைப்புல்லோ வேய்ந்தால் தீப்பிடிக்கும், கிராமத்து ஜனங்கள் மண்ணிலேயே கூரையும் போட்டுக்கொள்ள முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டாராம். வெளிச்சுவரில் மண்ணையே புடைத்து எடுத்த உருவங்கள். ஓவியர் நந்தலால் போஸ், சிற்பி ராம்கிங்கர் பைஜ், அங்கிருக்கும் கலாபவனம் என்ற ஓவியப் பள்ளி மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்தது. வாசல் பக்கத்தில் நிற்கிற சந்தால் பழங்குடி உருவங்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால் தோள் உருண்டையாக வெளியே வந்து நிற்கிறது. ஆனால் முகத்தில் அதிகம் செதுக்கவில்லை, நிற்கிற தோரணையிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. காந்தியும் கஸ்தூரிபாவும் 1940-இல் வந்தபோது இந்த வீட்டில்தான் தங்கினார்கள். எங்கள் பாட்டி அணைக்கட்டுப் பக்கம் மண் வீட்டில் இருந்தவள். வேலூர் மே மாச வெயிலில்கூட அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் ஜில்லென்று இருக்கும். உலகமெல்லாம் சுற்றி, நோபல் பரிசும் வாங்கிய மனுஷன் எழுபத்து நாலு வயதில் மண் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டார் என்றால், சுகம் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர்தான்.

அப்புறம் மியூசியம். 1961-இல், அவருடைய நூற்றாண்டுக்குக் கட்டிய கட்டடம். விசித்ரா என்று பேர். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. அதனால் கண்ணால்தான் பார்த்தோம், அதுவும் நல்லதற்குத்தான். நோபல் பதக்கம் இருக்கிற இடத்தில் கூட்டம் மொய்க்கிறது. அது அசல் இல்லை. அசலை 2004 மார்ச்சில் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். நோபல் அறக்கட்டளை பிறகு நகல் செய்து கொடுத்தது. மாஸ்டர்மஷாய் அந்தப் பக்கமே வரவில்லை. "போய்ப் பார்த்துட்டு வா" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

அவர் என்னை இழுத்துக்கொண்டு போனது வேறு இடத்துக்கு. தாகூரின் கையெழுத்துப் பிரதிப் பக்கம் ஒன்றின் நகல். முதலில் பார்த்தால் ஏதோ மை கொட்டிய காகிதம் மாதிரி இருந்தது. கிட்டப் போனேன். கவிதை எழுதியிருக்கிறார், பிடிக்காத சொல்லை அடித்திருக்கிறார். நாமாக இருந்தால் ஒரு கோடு போட்டு விட்டுவிடுவோம். இவர் அந்த அடித்தலையே திரும்பத் திரும்ப மையால் கெட்டியாக்கியிருக்கிறார். அதற்கு ரெண்டு வரி கீழே இன்னொரு அடித்தல். மேலே இருப்பதிலிருந்து ஒரு கோடு வளைந்து இறங்கி இதோடு சேர்கிறது. சேர்ந்த இடம் கழுத்தாகிவிடுகிறது. ஓரத்தில் ஒரு கூர்மை, அது அலகு. நடுவில் மை படாமல் விட்ட ஒரு வெள்ளைப் புள்ளி, அது கண். அடிக்காத சொற்களெல்லாம் அந்தப் பறவையைச் சுற்றி ஒதுங்கி நிற்கின்றன. எங்கள் லாட்ஜ் ரிஜிஸ்டரில் ஒரு பேரை அடித்தாலே போலீஸ்காரர் வந்து ஏன் அடித்தாய் என்று கேட்பார். அடித்தலுக்கு இப்படி ஒரு வாழ்க்கை உண்டு என்பது எனக்குப் புதுசு.

1924-இல் அர்ஜென்டினாவில் உடம்பு சரியில்லாமல் விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளரின் உபசரிப்பில் தங்கியிருந்தபோது, 'பூரவி' கவிதைகளின் கையெழுத்துப் பிரதியில் இப்படி நிறைய வரைந்தாராம். அதைப் பார்த்து உற்சாகப்படுத்தியது அந்த அம்மாள்தான். 1930-இல் பாரிஸில் அவருடைய ஓவியங்களின் முதல் கண்காட்சி நடக்க ஏற்பாடு செய்ததும் அவர்தான். முறையாக வரைய ஆரம்பித்தபோது தாகூருக்கு அறுபதுக்கு மேல். அதற்குப் பிறகு 1941-இல் சாகிறவரைக்கும் ரெண்டாயிரத்துக்கும் மேல் படம். பிரஷ் இல்லையென்றால் துணி, துணி இல்லையென்றால் விரல். படங்களுக்குப் பேர் வைக்க மாட்டாராம். நீண்ட முகத்தோடு ஒரு பெண் நம்மைப் பார்க்கிறாள், யாரென்று போடவில்லை. வீட்டுக்காரி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்க மூஞ்சி இது" என்றாள். நான் மாஸ்டர்மஷாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவரும் அப்படி எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தவர்.

வெளியே வந்ததும் தாகூருடைய பழைய ஹம்பர் காரை ஷெட்டில் பார்த்தோம். சின்னப் பசங்களுக்கு அதுதான் பிடிக்கும். என்னைக் கேட்டால் அந்தக் கையெழுத்துப் பக்கத்துக்காகவே போகலாம்.

காட்பாடி வாசகி:

அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நான் மைசூரைச் சொல்வேன். காட்பாடியிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. அங்கே யாதவகிரியில், மால்குடி என்ற கற்பனை ஊரை வைத்து இங்கிலீஷில் கதை எழுதிய ஆர்.கே. நாராயண் இருந்த வீட்டை மியூசியமாக்கியிருக்கிறார்கள். 2011-இல் இடிக்க ஆரம்பித்த வீடு. பத்திரிகைகளில் வந்து, சத்தம் போட்டு நிறுத்தி, அரசு வாங்கிப் புதுப்பித்து 2016-இல் திறந்தார்கள். வெள்ளை அடித்த மாடி வீடு, அவ்வளவுதான். அரை மணியில் பார்த்துவிடலாம், ஆனால் எனக்கு அரை நாள் ஆனது. காரணம் மாடியில் அவர் எழுதிய அறை. சுவர் வெளியே வளைந்துபோய், வரிசையாக எட்டு ஜன்னல். அதில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாரும் தெரிவார்கள். மால்குடியில் எல்லாரும் எல்லாருடைய விஷயத்திலும் ஏன் தலையிடுகிறார்கள் என்று அங்கே நின்றால் புரியும். கண்ணாடிப் பெட்டியில் கோட்டு, மூக்குக்கண்ணாடி, பத்ம விபூஷண் எல்லாம் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. எந்தப் பெரிய மனுஷன் வீட்டுக்குப் போனாலும் ஒரு கோட்டும் ஒரு கண்ணாடியும்தானே.

எழுத்தும் ஓவியமும் தாகூரிடம் ஒரே ஆளிடம் இருந்தது என்றால், இந்த வீட்டில் அண்ணன் தம்பியாகப் பிரிந்திருந்தது. அண்ணன் கதைக்குத் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் போட்ட கோட்டுப் படங்களைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். என் பெண் உள்ளே வந்ததே அதற்காகத்தான். கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை, டிவி தொடரில் டைட்டில் படங்களைப் பார்த்திருக்கிறாள். திரும்புகிற வண்டியில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்து, ஜோலார்பேட்டை வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சித்தூர் ரோட்டுக்காரர்:

லாட்ஜ்கார அண்ணே, தாகூர் நம்ம பக்கமும் வந்திருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1919 பிப்ரவரியில் ஆந்திராவிலுள்ள மதனப்பள்ளியில் பெசன்ட் தியாசாபிகல் காலேஜில் வந்து தங்கினார். ஜன கண மன பாட்டை 1911-லேயே எழுதிவிட்டார், கல்கத்தா காங்கிரஸில் பாடியும் ஆகிவிட்டது. அதை இங்கிலீஷில் அவரே ஆக்கியது மதனப்பள்ளியில். அந்தக் காலேஜ் பிரின்சிபால் ஜேம்ஸ் கசின்ஸின் மனைவி மார்கரெட் கசின்ஸ் மெட்டை எழுதி வைத்துக்கொண்டார். காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாக பஸ்ஸில் போனால் காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் போய்விடலாம்.

நான் போனது உறவுக்காரர் கல்யாணத்துக்கு. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறதென்று மச்சானோடு காலேஜ் பக்கம் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லை. வாட்ச்மேன் தெலுங்கில் எங்களை முதலில் விரட்டினார். தேசிய கீதத்துக்காக வந்தோம் என்றதும் முகம் மாறி, தானே உள்ளே கூட்டிப்போய் மரத்தடியெல்லாம் காட்டினார். கிளம்பும்போது பாடிக்காட்டச் சொன்னார். மச்சான் பட்டு வேட்டியோடு விறைப்பாக நின்று பாடினார். ரெண்டாவது வரிக்குள் வாட்ச்மேனும் சேர்ந்துகொண்டார். மியூசியம் என்று தனியாகத் தேடிப் போகாதீர்கள், இடத்தைப் பார்க்கப் போங்கள். சித்தூர் 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் என்பதால், பாதி வழி நம்ம மாவட்டத்தில் போவதாகவே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாலாஜா தம்பி:

சார், அக்கா, எல்லாரும் ரயில் ஏறிப் போகிறீர்கள். நம்ம ஊர் எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) 1912-இல் பிறந்தவர், அவர் குடும்பத்துக்கு ஊர் வாலாஜா பக்கத்து வேலம் கிராமம். திருப்பத்தூரில் தாலுகா ஆபீஸ் எழுத்தராக இருந்து, அப்புறம் தமிழ் ஆசிரியராகி, கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக ஆனவர். அவருடைய 'அகல் விளக்கு' நாவல் 1961-இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியது. கதையில் வருகிற சந்திரனும் வேலய்யனும் படித்துத் திரிந்தது வாலாஜாவில். சந்திரன் ஊர் பெருங்காஞ்சி. நானும் கூட்டாளியும் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு லீவு நாளில் ஊரைச் சுற்றினோம். வேலத்துக்கு சைக்கிளில் போனோம். டீக்கடையில் கேட்டதும் ஒரு தாத்தா, "வாத்தியாரைப் பத்தி கேக்கறீங்களா?" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். துணைவேந்தர் என்றெல்லாம் அவர் சொல்லவே இல்லை. ஊருக்குப் பேர் வாங்கித் தந்த வாத்தியார், அவ்வளவுதான் அவருக்கு. டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார், காசு வாங்கவும் விடவில்லை.

பெருங்காஞ்சிக்கு இன்னும் போகவில்லை. யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், வாலாஜாவிலிருந்து நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பாபுராவ் தெரு லாட்ஜ்காரர்:

தம்பி, நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், எங்களுக்கு அன்றைக்குத்தான் ஊரிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள், திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. வாரத்தின் நடுவில் வைத்துக்கொள்வோம்.

சாந்திநிகேதன் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: புதன்கிழமை போகாதீர்கள். அங்கே வார விடுமுறை புதன்தான், அன்றைக்குக் காலையில் கண்ணாடிக் கோயிலில் பிரார்த்தனை நடக்கும், மியூசியம் கிடையாது. டிசம்பர் கடைசியில் பௌஷ் மேளா என்ற திருவிழா சமயம் அறை கிடைப்பது கஷ்டம். கலாபவனப் பக்கம் ராம்கிங்கரின் 'சந்தால் குடும்பம்' சிலை வெட்டவெளியில் நிற்கிறது. சிமென்டும் செம்மண் கல்லும் கலந்து 1938-இல் செய்தது, அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். டோட்டோவுக்கு ஏறுவதற்கு முன்னாலேயே எல்லா இடத்துக்கும் சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள்.