மேல வராத கிளட்ச் பெடலுக்கு என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம். பழைய கார் ரிப்பேர் கையேடு ஒண்ணு தமிழாக்கம் பண்ணிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும், கிளட்ச் அத்தியாயத்துல நிக்கிறேன். பெடலை மிதிச்சா கீழ போகுது, காலை எடுத்தா மேல வரல, இல்லன்னா பாதியில நின்னு மெதுவா வருது, இந்தக் கோளாறுக்குத் தலைப்பா ஒரு சொல் வேணும். நான் 'மிதி ஒட்டல்'னு போட்டேன், படிச்சுப் பார்த்த பையன் பெடல்ல பசை ஒட்டியிருக்குன்னு எடுத்துக்கிட்டான். கிளட்சுக்கும் நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.

*

தம்பி, கிளட்சுக்கு 'விடுபற்றி'ன்னு வைக்கலாம். இன்ஜின் சுழற்சியைப் பற்றிக்குது, மிதிச்சா விட்டுடுது, ரெண்டு வேலையும் சொல்லுக்குள்ளயே வந்துடுது பாருங்க. பற்று எவ்வளவு வளமான வேர்! தீ பற்றுது, கொடி பற்றிப் படருது, கணக்குல பற்று வரவு, கொல்லன் கையில பற்றுக்குறடு, சோத்துப் பருக்கை பற்றியிருக்கிற பாத்திரம்தான் பேச்சுல பத்துப்பாத்திரம் ஆச்சு. மேல வராததுக்கு 'மீளாமை'. மீள், மீட்சி, அதோட எதிர்மறைத் தொழிற்பெயர். ஆக 'விடுபற்றி மிதி மீளாமை'.

*

ஐயா, 20 வருஷமா பசங்களுக்கு வண்டி வேலை சொல்லித் தர்றேன், விடுபற்றின்னா ஒருத்தனும் கிளட்சைத் தொட மாட்டான். 'மிதி'யும் சிக்கல்தான், பெடல் மேல வரலன்னா முதல்ல பார்க்க வேண்டியது அடியில மிதியடி சுருண்டு கிடக்கான்னு, மிதிக்குக் கீழ மிதியடின்னு எழுதினா என்ன புரியும்?

அதைவிட முக்கியம், கோளாறு மூணு. பெடல் மேல வராதது ஒண்ணு. பெடல் சரியா வந்து போயும், இன்ஜின் சுழற்சியை வாங்குற கிளட்ச் பிளேட் விடாம கியர் விழும்போது கறகறன்னு அரைக்கிறது ரெண்டாவது. ஏத்தத்துல இன்ஜின் மட்டும் கத்தி வண்டி இழுக்காம ஸ்லிப் ஆகுறது மூணாவது. மூணுக்கும் ஒரே சொல்லைப் போட்டீங்கன்னா பையன் கியர்பாக்ஸை இறக்கி பிளேட் மாத்திடுவான், கோளாறு பெடல் பக்கத்துலயே உக்காந்திருக்கும். கேபிள் வண்டின்னா கேபிளைப் பெடல்ல இருந்து கழட்டிட்டு பெடலை மட்டும் அசைச்சுப் பார்க்கணும், அப்பவும் இறுக்கம்னா புஷ்ல (பெடல் அச்சைச் சுத்தி இருக்கிற வளையம்) துரு, லேசா போச்சுன்னா உறைக்குள்ள கேபிள் இழை பிரிஞ்சு பிடிக்குதா, இல்ல கீழ பிளேட்டை விடுவிக்கிற ஃபோர்க், ரிலீஸ் பேரிங் பக்கம் பிடிக்குதான்னு பார்க்கணும். கேபிளுக்குப் பதிலா திரவ அழுத்தத்துல இயங்குற ஹைட்ராலிக்னா நாலஞ்சு தடவ மிதிச்சதும் ஏறி வந்தா லைன்ல காத்து இருக்கலாம், பெடலை மிதிச்சா திரவத்தைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரோட சீல் உள்ளுக்குள்ளயே கசிய விடலாம். பிரேக் ஃப்ளூயிட் ஊத்த வேண்டியதுல மினரல் ஆயிலை ஊத்திட்டா ரப்பர் சீல் ஊதிப்போய் பிஸ்டன் திரும்பாது. இதெல்லாம் சொல்லு சரியா இருந்தாத்தான் பையன் மண்டையில பிரிஞ்சு நிக்கும்.

*

சொல் கிளட்ச்னே இருக்கட்டும், எழுத்து மட்டும் 'கிளட்சு'ன்னு வேணும். சகர மெய்யில தமிழ்ச் சொல் முடியாது. வடசொல்லையே வடவெழுத்தை நீக்கித்தான் எழுதணும்னு தொல்காப்பியம் வழி காட்டியிருக்கு, அதே வழி இதுக்கும் பொருந்தும். ட்ச் சேர்க்கை நமக்குப் புதுசும் இல்ல, ஆட்சி, காட்சி, ஐயா சொன்ன மீட்சி.

*

உகரம் ஒட்டினா தமிழாகிடுமா? மிதிவண்டியும் ஒரு காலத்துல யாருக்கும் புரியாத சொல்தான், பாடப்புத்தகத்துல எழுதி எழுதித்தான் பழகிச்சு. பையனுக்குப் புரியாதுன்னு இப்ப விட்டா எப்பவுமே புரியாது.

*

ஐயா, புரட்டுற கையும் என் கைன்னா நானும் விடுபற்றின்னு போட ஆசைப்படுவேன், ஆனா இதை எண்ணெய்க் கையோட வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு புரட்டப் போறாங்க. கிளட்ச், பெடல் அப்படியே போகுது, பெரும்பாலானவங்க சொன்னதும் அதுதான். கோளாறுகளுக்கு 'பெடல் மீளாமை', 'பிளேட் விடாமை', 'பிளேட் வழுக்கல்'. விடுபற்றியைக் கடைசிப் பக்கத்துல சொல்லடைவுல சேர்த்துடுறேன்.

*

சொல்லடைவுல போடுறதுக்கு நன்றி தம்பி. உடன்பாடு இல்லைங்கறதையும் பதிவு பண்ணிக்கிறேன்.

*

ஒரு சந்தேகம். மெதுவா வர்ற பெடல் மீளுதே, அதை எப்படி மீளாமைல சேர்க்குறது? அங்க கேபிளோ புஷ்ஷோ பிடிக்குது, அவ்வளவுதான். 'மீள்தடை'ன்னா ரெண்டுக்கும் பொருந்துமா?